படத்துக்கும் பாட்டுக்கும் ஒரே செட்: ரிசீவர், ஸ்பீக்கர் வாங்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஹாலில் ஒரே ஒரு ஆடியோ செட் வைத்து அதிலேயே படமும் பார்க்க வேண்டும், பாட்டும் கேட்க வேண்டும் என்பவர்கள்தான் நம்மில் அதிகம். இரண்டுக்கும் தனித்தனியாக வாங்கப் பணமும் இருக்காது, வைக்க இடமும் இருக்காது. கடைக்குப் போனால் முதலில் காட்டுவது ஐந்து சின்ன ஸ்பீக்கரும், ஆழமான கீழ் ஒலிக்கென்றே ஒரு சப்வூஃபரும் சேர்ந்த 5.1 பெட்டியை. டெமோவுக்கு ஒரு சண்டைக்காட்சி போடுவார்கள். கண்ணாடி உடையும், சோபா அதிரும், நாமும் வாங்கிவிடுவோம். வீட்டுக்கு வந்து ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டால் வயலின் கீச்சென்று கேட்கும், மிருதங்கத்தில் நாதமே இருக்காது.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. முன்னால் வைக்கும் இரண்டு ஸ்பீக்கர்களைப் பாட்டுக்காகவே தேர்ந்தெடுங்கள். மற்ற எல்லாவற்றையும் அவற்றைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம். பாட்டை ஒழுங்காகச் சொல்லும் ஸ்பீக்கர் படத்தையும் ஒழுங்காகவே சொல்லும். படத்துக்கென்று வாங்கியது பாட்டையும் ஒழுங்காகச் சொல்லும் என்பதற்கு அப்படி ஓர் உத்தரவாதம் கிடையாது.

ஏன் அப்படி? படம் பார்க்கும்போது கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறது. குண்டுவெடிப்பு உண்மையில் எப்படிக் கேட்கும் என்று நமக்குத் தெரியாது. சத்தமாக, ஆழமாக இருந்தால் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பி. சுசீலாவின் குரல் எப்படி இருக்கும் என்று நம் காதுக்குத் தெரியும். அதில் மூக்கடைத்த சாயல் கொஞ்சம் ஏறினாலும் காது உடனே கண்டுபிடித்துவிடும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதி 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. குரலின் தெளிவும் வயலினின் இழைவும் தெரிவது அங்கேதான். மலிவான ஸ்பீக்கர்கள் சறுக்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொரு காரணம் ஸ்டீரியோ வேலை செய்யும் விதம். இங்கிலாந்தின் ஆலன் புளூம்லின் 1931-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணமாக அமைந்தால், இரண்டிலும் சமமாக வரும் குரல் நட்டநடுவிலிருந்து வருவதாக மூளை எடுத்துக்கொள்ளும். அங்கே ஸ்பீக்கரே இல்லை, ஆனால் பாடகர் அங்கேதான் நிற்பார். பிற்காலத்தில் 5.1 ஒலிக்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தந்த பரிந்துரையிலும் முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி தள்ளித்தான் இருக்க வேண்டும். அதே முக்கோணம். ஆக, நீங்கள் அமைக்கப் போகும் ஹோம் தியேட்டருக்குள்ளேயே ஒரு முழு ஸ்டீரியோ செட் இருக்கிறது. அந்த இரண்டு ஸ்பீக்கர்களில் கஞ்சத்தனம் காட்டினால்தான் அது கெட்டுப்போகும்.

சின்ன ஸ்பீக்கர் ஏன் போதாது

பெட்டியோடு வரும் சின்ன ஸ்பீக்கர்களில் கூம்பு மூன்று அங்குலம்கூட இருக்காது. 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவற்றால் இறங்க முடியாது. அதனால் அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் சப்வூஃபருக்குத் தள்ளிவிடுவார்கள். ஆண் குரலின் அடிப்படைச் சுருதி பேச்சில் சுமார் 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை ஓடும். அப்படியானால் யேசுதாஸ் கீழ்ச்சுரங்களைப் பாடும்போது குரலின் மேல்பாதி டிவிக்குப் பக்கத்திலிருந்தும் கீழ்ப்பாதி மூலையில் இருக்கும் சப்வூஃபரிலிருந்தும் வரும். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது. அதற்கு மேலே போகப் போக சொல்லிவிடும். ஹோம் தியேட்டரில் சப்வூஃபருக்குப் பிரித்துக்கொடுக்கும் எல்லையை, அதாவது க்ராஸ்ஓவரை, 80 ஹெர்ட்ஸில் வைக்கும் வழக்கம் வந்தது இதனால்தான். முன் ஸ்பீக்கர் தனியாக 60, 70 ஹெர்ட்ஸ் வரையாவது இறங்கினால்தான் 80-இல் வெட்டினாலும் இரண்டும் தையல் தெரியாமல் சேரும். நடைமுறையில் ஐந்து முதல் ஆறரை அங்குல வூஃபர், அதாவது கீழ் ஒலிக்கான கூம்பு, உள்ள ஸ்பீக்கர் வேண்டும் என்று அர்த்தம்.

இங்கே மிருதங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண முரசுத் தோலில் எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாமல் சிதறிக் கிடக்கும். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் அப்பிய கருஞ்சோறு அவற்றை இழுத்து ஒரு சுருதிக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. சி. வி. ராமன் 1920-இல் நேச்சர் இதழில் எழுதியதும் பிறகு 1934-இல் விரிவாக எழுதியதும் இதைப் பற்றித்தான். நல்ல ஸ்பீக்கரில் ஒவ்வொரு அடியிலும் அந்தச் சுருதி கேட்கும், இடப்பக்கத் தோலான தொப்பியின் கும்கி வளைந்து ஏறுவது கேட்கும். மோசமான ஸ்பீக்கரில் ‘டொப் டொப்’ மட்டும்தான். ஸ்பீக்கரைச் சோதிக்க நம்மிடம் இதைவிட நல்ல கருவி இல்லை என்றே சொல்வேன்.

உயரமாகத் தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கரா, ஸ்டாண்டில் வைக்கும் புக்ஷெல்ஃபா? 10-க்கு 12, 12-க்கு 15 அடி அறைகளுக்கு என் ஓட்டு புக்ஷெல்ஃபுக்குத்தான். அதே விலையில் வரும் டவரில் பணத்தின் பெரும்பகுதி மரப்பெட்டிக்கும் கூடுதல் வூஃபருக்கும் போய்விடுகிறது. அந்தக் கூடுதல் பேஸும் சின்ன அறையில் உதவுவதைவிட உபத்திரவம் செய்வதே அதிகம். ஆழமான பேஸ் வேண்டுமென்றால் பிறகு ஒரு சப்வூஃபர் வாங்கி, அதற்கு ஏற்ற இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஹால் பெரியது, சப்வூஃபரே வேண்டாம் என்பவர்களுக்கு டவர் சரி.

வாட் கணக்கு

தொண்ணூறுகளில் டேப் ரிக்கார்டர் மேல் ‘1000 வாட் பிஎம்பிஓ’ என்று ஒட்டியிருப்பார்கள். அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. இன்று அந்த ஸ்டிக்கர் போய்விட்டது, ஆனால் ரிசீவர், அதாவது டிவியிலிருந்து வரும் ஒலியைப் பிரித்துப் பெருக்கி எல்லா ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் கருவி, அதன் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% திரிபு, ஒரு சேனல் மட்டும்’ என்று இருந்தால், ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டு, ஒலி கரகரக்கும் அளவுக்கு முடுக்கி எடுத்த எண் அது. ‘8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08% திரிபு, இரண்டு சேனல்’ என்று இருப்பதுதான் ஒப்பிட உதவும் எண். ஒரே ரிசீவருக்கு முதல் கணக்கில் 150-க்கு மேலும் இரண்டாவது கணக்கில் 80-உம் வருவது சர்வசாதாரணம். அமெரிக்காவில் 1974-லேயே ஆம்பிளிஃபையர் வாட்டை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று அரசு விதி போட வேண்டியிருந்தது. அந்த அளவுக்குப் பழைய தொல்லை இது.

சரி, உண்மையில் எத்தனை வாட் வேண்டும்? இதற்கு ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி தெரிய வேண்டும். ‘87 டெசிபெல்’ என்று போட்டிருந்தால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 87 டெசிபெல் வரும். நாம் உட்காருவது மூன்று மீட்டர் தள்ளி. அந்தத் தூரத்தில் ஒன்பது, பத்து டெசிபெல் குறையும். இரண்டாவது ஸ்பீக்கரும் அறைச் சுவர்களின் எதிரொலியும் அதில் பாதியாவது திருப்பித் தரும். கடைசியில் ஒரு வாட்டுக்குச் சுமார் 80 டெசிபெல் காதில் விழும். இதுவே பலமான சத்தம்தான், பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டிவரும். ஆனால் இசையிலும் படத்திலும் திடீர் உச்சங்கள் வரும். பத்து டெசிபெல் உச்சத்துக்குப் பத்து வாட் தேவை, இருபது டெசிபெல்லுக்கு நூறு வாட். ஆக, நடுத்தர அறையில் நிஜமான 80 வாட் தாராளம்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் மூன்று டெசிபெல். 80 வாட் மாடலுக்கும் 100 வாட் மாடலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபெல்தான். அதற்காக ஆயிரக்கணக்கில் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. ஆனால் 84 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 90 டெசிபெல் ஸ்பீக்கர் எடுத்தால், அதே சத்தத்துக்குக் கால் பங்கு வாட் போதும்.

ஸ்பீக்கரின் மின்தடையைச் சொல்லும் ஓம் எண்ணையும் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் ஆம்பிளிஃபையரிடமிருந்து அதிக மின்னோட்டம் இழுக்கும். தொடக்க விலை ரிசீவர்கள் அதற்குச் சூடாகித் திணறும். 6 அல்லது 8 ஓம் என்றால் கவலையில்லை. நம் ஊர் வெயிலில் ரிசீவரை மூடிய டிவி ஷோகேஸுக்குள் அடைத்துவைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். மேலே நாலைந்து அங்குலமாவது காற்றுக்கு இடம் விடுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால், பின்பக்கம் 230 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே சரி சொல்லுங்கள். அமெரிக்க மாடல்கள் 120 வோல்ட்.

ரிசீவரா, ஸ்டீரியோ ஆம்பிளிஃபையரா

ஒரே விலையில் ஏவி ரிசீவரையும் ஸ்டீரியோ ஆம்பிளிஃபையரையும் பக்கத்தில் வைத்தால், பின்னதில் பணம் முழுக்க இரண்டு சேனலுக்குப் போயிருக்கும். முன்னதில் ஏழு சேனல், எச்டிஎம்ஐ, டால்பி, டிடிஎஸ் என்று பங்கு பிரிந்திருக்கும். அதனால் பாட்டுக்கு ரிசீவர் ஆகாது என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக உண்டு. நான் அதை முழுக்க ஏற்கவில்லை. சுலபமாக ஓட்டக்கூடிய ஸ்பீக்கரோடு, வரம்புக்குள் இயங்கும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் உள்ள வித்தியாசத்தின் முன்னால் மிகச் சிறியது. ரிசீவரில் இருக்கும் இரண்டு வசதிகள் பாட்டுக்கே பெரிய உதவி. ஒன்று, பேஸை 80 ஹெர்ட்ஸில் சுத்தமாக வெட்டி சப்வூஃபருக்கு அனுப்புவது. மற்றொன்று ரூம் கரெக்ஷன். டெனான், மராண்ட்ஸ் கருவிகளில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ, ஆன்கியோவின் புதிய மாடல்களில் டிராக் என்று இதற்குப் பெயர்கள். கூடவே வரும் மைக்கை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து ஓடவிட்டால், அறை பேஸில் செய்யும் குளறுபடிகளை அது அளந்து திருத்தும்.

படத்துக்கும் இரண்டு ஸ்பீக்கரே போதும், எந்நாளும் ஐந்து வைக்கப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்கள், டிவியின் ஒலியை வாங்கிக்கொள்ளும் எச்டிஎம்ஐ ஏஆர்சி இணைப்பும் சப்வூஃபர் அவுட்டும் உள்ள ஸ்டீரியோ ஆம்பிளிஃபையர் வாங்கலாம். டிவியிலிருந்து ஒரே கேபிள், வேலை முடிந்தது. மற்றவர்களுக்கு ரிசீவர்தான். பட்ஜெட் இடம் கொடுத்தால் முன் சேனல்களுக்கு ப்ரீ-அவுட், அதாவது ஒலியை வேறோர் ஆம்பிளிஃபையருக்கு எடுத்துக்கொடுக்கும் இணைப்பு, உள்ள மாடலாகப் பாருங்கள். தொடக்க விலை மாடல்களில் சப்வூஃபருக்கு மட்டுமே ப்ரீ-அவுட் இருக்கும். முன் சேனல்களுக்கும் இருந்தால், நாளைக்கு ஒரு நல்ல ஸ்டீரியோ ஆம்பிளிஃபையரை அந்த இரண்டு ஸ்பீக்கருக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளலாம், ரிசீவரை விற்க வேண்டியதில்லை.

அறையும் ஒரு கருவிதான்

கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, பெரிய கண்ணாடி ஜன்னல். நம் ஃபிளாட் ஹால்கள் ஒலியை விழுங்குவதே இல்லை, திருப்பி அடிக்கின்றன. நடுவில் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். ‘ட்ரிங்’ என்று ஒரு வால் நீண்டால், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் குரல் அந்த வாலோடுதான் கேட்கும். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் இடையே கனமான கம்பளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி, இவ்வளவு செய்தாலே பெரிய மாற்றம் தெரியும். மெல்லிய பவானி ஜமுக்காளம் உயர் ஒலிகளை மட்டும் கொஞ்சம் அடக்கும். பேஸை அது தொடாது.

பேஸின் கதை வேறு. 12 அடி நீள அறையில் சுமார் 47 ஹெர்ட்ஸ் ஒலி இரண்டு சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டு வீங்கும். 10 அடி அகலத்துக்கு அது 56 ஹெர்ட்ஸ். கூரையும் 10 அடி உயரம் என்றால் அதே 56-இல் இன்னொன்று வந்து சேர்ந்துகொள்ளும். இந்த வீக்கம் சுவரை ஒட்டிய இடங்களில் உச்சத்தில் இருக்கும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு ‘பேஸ் கும்முகிறது’ என்று ஸ்பீக்கரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஓரிரு அடி முன்னால் இழுத்துப் போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரையும் ஷோகேஸ் தட்டுக்குள் திணிக்காமல், பின்சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி, உயர் ஒலிகளைத் தரும் ட்வீட்டர் உட்கார்ந்தவரின் காது உயரத்துக்கு வருமாறு ஸ்டாண்டில் வையுங்கள். ஸ்டாண்ட் செலவு தண்டம் என்று தோன்றும். தண்டமில்லை.

சப்வூஃபருக்கு இடம் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து, பேஸ் உள்ள ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, அறையைச் சுற்றித் தரையோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். எந்த மூலையில் எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப்வூஃபர் போகட்டும். அதன் சத்தத்தை, தனியாக ஒரு பெட்டி ஒலிக்கிறது என்ற எண்ணமே வராத அளவுக்குக் குறைத்து வைக்க வேண்டும். படத்துக்குக் கொஞ்சம் ஏற்றிக்கொள்வது உங்கள் விருப்பம்.

கடையில் கேட்கும்போது

நன்றாகத் தெரிந்த பாட்டுகளைக் கொண்டுபோங்கள். ஒரு பழைய மோனோ பாட்டு கட்டாயம் இருக்கட்டும். அறுபதுகளின் நம் திரைப்பாடல்களைத் தேடினாலே கிடைக்கும். மோனோ என்றால் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான், ஆகவே குரல் நடுவில் ஓர் ஆளைப்போல் திரண்டு நிற்க வேண்டும். அகலமாகக் கலைந்து கிடந்தால் ஜோடி சரியில்லை, இல்லையென்றால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் தம்புரா. அதன் ஜீவா நூல் எழுப்பும் மினுமினுப்பு இழையாக வருகிறதா, சீறலாக வருகிறதா என்று கேளுங்கள். சீறும் ஸ்பீக்கர் கடையில் பத்து நிமிடம் ‘ஆஹா, என்ன தெளிவு’ என்று தோன்றவைக்கும், வீட்டில் ஒரு மணி நேரத்தில் தலைவலி தரும்.

இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்க வேண்டும். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது நல்லதாகவே தோன்றும், மனிதக் காது அப்படி. கைபேசி ஆப்பில் அளந்தாவது சமன் செய்யச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் கேபிளுக்கு மட்டும் யார் சொன்னாலும் பெரிய தொகை கொடுக்காதீர்கள். பத்து மீட்டருக்குள் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். அதைத் தாண்டினால் 2.5.

வாங்கும் வரிசையில் முதலில் முன் ஜோடியும் ரிசீவரும். பட்ஜெட்டில் பாதியை அந்த ஜோடிக்கும் ஸ்டாண்டுக்கும் ஒதுக்கலாம். ரிசீவரில் சென்டர் (வசனத்துக்கான நடு ஸ்பீக்கர்) ‘இல்லை’ என்று அமைத்தால் வசனம் இரண்டு ஸ்பீக்கருக்கும் சமமாகப் பிரிந்து, நடுவிலிருந்தே கேட்கும். ஒருவர், இருவர் நடுவில் உட்கார்ந்து பார்க்க இது தாராளமாகப் போதும். அடுத்து சப்வூஃபர். குடும்பமே வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் வீடு என்றால் சென்டர் தேவைப்படும். அதை முன் ஜோடியின் அதே கம்பெனி, அதே வரிசையில் எடுங்கள், இல்லையென்றால் ஒரு நடிகர் திரையைக் கடந்து நடக்கும்போது குரல் மாறும். பின் ஸ்பீக்கர்கள் சின்னதாக, மலிவாக இருந்தாலும் பரவாயில்லை. தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸுக்கான கூரை ஸ்பீக்கர்கள் எல்லாம் முடிந்த பிறகு பார்க்கலாம்.

எல்லாம் மாட்டியதும் ரூம் கரெக்ஷன் ஓட்டும்போது ஃபேன், ஏசி இரண்டையும் அணைத்துவிடுங்கள். மைக்கைச் சோபா முதுகில் சாய்க்காமல் ட்ரைபாடில், காது உயரத்தில் வையுங்கள். முடிந்ததும் க்ராஸ்ஓவரைச் சரிபாருங்கள். முன் ஸ்பீக்கரைக் கருவி ‘லார்ஜ்’ என்று எடுத்துக்கொண்டிருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி 80 ஹெர்ட்ஸ் வையுங்கள், அப்போதுதான் கீழ் ஒலி சப்வூஃபருக்குப் போகும். பாட்டுக்கு ‘ஸ்டீரியோ’ மோட். ‘ப்யூர் டைரக்ட்’ பெயரைப் பார்த்து அதுதான் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். பல ரிசீவர்களில் அது ரூம் கரெக்ஷனை அணைத்துவிடும், சப்வூஃபரையும் நிறுத்திவிடும். புக்ஷெல்ஃபும் சப்வூஃபரும் வைத்திருப்பவர்களுக்கு அது நஷ்டம். இரவு நேரத்துக்கென்று சத்தத்தைச் சமன்படுத்தும் டைனமிக் வால்யூம் படத்தோடு நிற்கட்டும், பாட்டுக்கு அணைத்துவிடுங்கள். கைபேசியிலிருந்து பாட்டை அனுப்ப ப்ளூடூத்தைவிட வைஃபை வழி நல்லது. ப்ளூடூத் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும், வைஃபை வழியில் சிடி தரம் குறையாமல் வரும். ரிசீவரில் இதற்கென்று ஏர்ப்ளே, ஹியோஸ், மியூசிக்காஸ்ட் என்று ஏதாவது ஒரு வசதி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும்.